உறுமியைக் கள்ளுக்குடத்தோடு கட்டியவர் யார்?

கள்ளுக்கடைக்குப் போகிறவன் கள்ளுக்காகவே போகிறான் என்று நம் சீர்திருத்தப் பிரசாரகர்கள் நெடுங்காலமாய்ச் சொல்லி வருகிறார்கள். அது பாதி உண்மை. பாதி உண்மையை எடுத்துக்கொண்டு முழு யுத்தத்திற்குப் புறப்பட்டமையால்தான் மேடையில் இவர்கள் ஜெயிப்பதும், வீதியில் கடைக்காரன் ஜெயிப்பதுமாக இருக்கிறது. குடிக்கிறவன் எதற்காக அங்கே போகிறான் என்பது மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே நாம் போய்ப் பார்த்தோம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் தாண்டிப் பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே சென்றால் கெப்பாலா பத்தாஸ். ஊராரிற் பெரும்பாலோர் மதுவைத் தீண்டாத மலாய் முஸ்லிம்கள். தமிழர் சிறு தொகையினர்; அவர்களிலும் பலர், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் மக்களும் பேரரும். தோட்டம் போய்விட்டது, லயமும் போய்விட்டது. ஊரோரத்தில் ஏழெட்டு மேசைகளோடு ஒரு சிறு மதுக்கடை மட்டும் இருக்கிறது. அதன் பெயர் நமக்கு வேண்டியதில்லை. இத்தகைய கடை எல்லா ஊரிலும் ஒன்றுண்டு.

நாம் சென்றது ஒரு சனிக்கிழமை இரவு. வறுத்த கோழியும், மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறியும், நெத்திலிப் பொரியலும் மேசைக்கு மேசை வந்தவண்ணம் இருந்தன. மூலையில் மின்சார ஆர்மோனியம் போன்ற பெட்டியொன்றை ஒரு வாலிபர் வாசிக்க, இன்னொருவர் டி. எம். சௌந்தரராஜன் பாடிய பழைய படப்பாட்டுகளைப் பாடினார். இடையிடையே உறுமி. அந்த உறுமி எழுந்தபோது குடித்தவர் குடிப்பதை நிறுத்தினார்கள் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். பகலெல்லாம் தொழிற்சாலையில் பெட்டி சுமந்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், பிறரிடம் வசை கேட்டு வந்தவர்கள் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி அழைத்தார்கள். உறுமி அடித்தவரிடம், "தம்பி, இவ்வளவு நன்றாக அடிக்கிறீர்களே, வேறிடத்தில் அடிக்கக் கூடாதா?" என்று கேட்டோம். "கோயில் திருவிழாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாங்க, ஐயா. மற்ற நாளெல்லாம் எங்களை உட்கார வைத்துக் கேட்கிறது இந்தக் கடை ஒன்றுதான்" என்றார்.

இந்தப் பதிலைத்தான் அன்பர்கள் சிந்திக்க வேண்டுமென்கிறோம்.

முதலில் கடையின் பூர்வீகத்தைப் பார்ப்போம். மலாயாத் தோட்டங்களில் தமிழனுக்குக் கொடுக்கப்பட்டவை சில; மறுக்கப்பட்டவை பல. லயத்து அறையில் நாலு பேர் கூடி உட்கார இடமில்லை. நூல் நிலையமில்லை; கொட்டகையில்லை. ஆனால் கள்ளுக்கடை இருந்தது. அது இருந்ததற்குக் காரணம் துரைமாரின் தயாளமன்று. குடித்துக் கிடப்பவன் கூலி உயர்வு கேட்க மாட்டான். கையில் வந்த கூலி கடை வழியே திரும்பிவிடும். ஆளும் வேறு தோட்டத்திற்குப் போகமாட்டான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தோட்டத்துக் கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலத்திற்கே செலவிட வேண்டும் என்று ஏற்பாடு. அதாவது, நன்றாகக் குடித்தால் திருவிழா நன்றாக நடக்கும்! தன் பையிலிருந்து போன காசு, துரை கொடுத்த தருமமாகத் திரும்பி வரக் கண்டு தொழிலாளி சலாம் போட வேண்டும்.

கள் என்னும் பண்டத்தின் இயல்பையும் மறக்கலாகாது. தென்னம் பாளையிலிருந்து இறங்கும்போது அது இனிப்பான நீர். காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைப் புளிக்க வைக்கும். நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு சாராயச் சத்து ஏறும். மறுநாளோ காடியை நோக்கிப் போய்விடும். ஆகவே கடைக்காரன் அன்றைய குடத்தை அன்றே காலி செய்தாக வேண்டும். உறைப்பான கறி தாகத்தை வளர்க்கும். மேளம் ஆளை எழுந்து போகாமல் நிறுத்தும். சோறும் பாட்டும் கள்ளோடு சேர்ந்தது கலையன்பினாலன்று, சரக்கு கெட்டுப்போகுமே என்னும் கவலையினால்தான் என்போம். இன்று புட்டியில் அடைத்த பீர் கெடுவதில்லை. ஆனால் பழகிய தந்திரத்தை எந்த வியாபாரி விடுவான்?

தொழிலாளி இதை அறியாத மூடனல்லன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் அவமானம் ஒழிய வேண்டுமென்றார்கள். அவற்றோடு, கள்ளுக்கடையை மூட வேண்டுமென்றும் கேட்டார்கள். அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பிற்று, உயிர்கள் போயின. யுத்தத்திற்குப் பின், கெப்பாலா பத்தாஸுக்கு வடக்கே மூடா ஆற்றைத் தாண்டிய கெடா மாநிலத்தில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் நின்று மறியல் செய்தது. 1947இல் பீடோங்கில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டுத் தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். குடிக்காதே என்று அவர்களுக்கு யாரும் பட்டணத்திலிருந்து வந்து உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டணத்தாரின் உபதேசத்திலுள்ள யோக்கியதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜார்ஜ் டவுனிலே கடலோரத்தில் 1885இல் தொடங்கிய ஈ அண்டு ஓ ஓட்டலில் சீமான்கள் வாத்தியக் கோஷ்டியின் இசை கேட்டு, விஸ்கி அருந்தி, நடனமாடினார்கள். அதை நாகரிகமென்று எழுதினார்கள். அதே காரியத்தைத் தோட்டக்காரன் உறுமி கேட்டுக்கொண்டு தகரக் கொட்டகையில் செய்தால் அது இழிவாம்! கோப்பையில் வேற்றுமையில்லை, உட்காருகிறவனிடத்தில்தான் வேற்றுமை. இந்த இரட்டை நியாயத்தை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

அப்படியானால் குடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அங்கேதான் வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது. அன்றிரவு அக்கடையின் மேசைகளில் ஒரு பெண்ணேனும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே பெண் அடுக்களையில் கோழி வறுத்துக்கொண்டிருந்தார். பாட்டு எழும்போதெல்லாம் கதவோரம் வந்து நின்று கேட்டுவிட்டு, எண்ணெய் காய்கிறதென்று உள்ளே ஓடினார். 1920களின் இறுதியில் இவ்வட்டாரத் தோட்டங்களுக்கு விதித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் குறைந்த 40 காசில்தான் பிள்ளைக்குக் கஞ்சி. ஏனெனில் 50 காசு கடைக்குப் போய்விட்டது. இன்று வெள்ளி கணக்கில் கூலி வாங்கினாலும் எத்தனையோ வீட்டில் கணக்கு அதேதான். ஆணின் இசைக்கும் விருந்துக்கும் பெண் பணங் கொடுக்கிறாள். அந்த இசையைக் கேட்க மட்டும் அவளுக்கு நாற்காலியில்லை. மதுவைப் பற்றி நமக்குள்ள முதல் வழக்கு இதுவே. பாவம், புண்ணியம் என்பவற்றைப் பூசாரிகளுக்கு விட்டுவிடுகிறோம்.

கடையை மூடினால் தீர்ந்தது என்போர்க்கும் ஒன்று சொல்லுவோம். மூடிய இடத்தில் எதை வைத்தீர்கள்? கள் போன இடத்திற்குச் சம்சு வந்தது. கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையான அச்சாராயத்தை எதிர்த்துப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு போராட வேண்டியதாயிற்று. 2018 செப்டம்பரில் சிலாங்கூர்ப் பக்கம் மெத்தனால் கலந்த மது குடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். நம் சங்கங்களோ என்ன செய்தன? மூன்று மணி நேரப் பிரசங்கம். ஒரு வாய்த் தேநீர் கிடையாது. உறுமியும் பறையும் சாவு மேளம், குடிகாரன் மேளம், தாழ்ந்தவன் மேளம் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். சாதி ஒழியவேண்டுமென்று பேசிய வாயே மேளத்திற்குச் சாதி கற்பித்தது. துரத்தப்பட்ட மேளக்காரனுக்குக் கடைக்காரன் நாற்காலி போட்டான். உறுமியைக் கள்ளுக்குடத்தோடு கட்டிய கயிற்றின் ஒரு முனை வியாபாரியின் கையிலும், மறுமுனை இந்தச் சங்கத்தார் கையிலும் இருக்கிறது.

கட்டை அவிழ்க்க முடியாதென்று சொல்ல வேண்டாம். இலண்டனில் 1880இல் எம்மா கான்ஸ் என்னும் மாது, குடிக்குப் பேர்போன ஒரு நாடகக் கொட்டகையை எடுத்து, மதுவை நீக்கி, காப்பியும் இசையும் மலிவான கட்டணத்தில் ஏழைகளுக்கு வழங்கினார். இசை கேட்க வந்தவர்களுக்கு அங்கே விஞ்ஞானச் சொற்பொழிவும் நடந்தது. அதிலிருந்து 1889இல் உழைக்கும் ஆண் பெண் இருபாலார்க்குமாக மார்லி கல்லூரி பிறந்தது. கொட்டகையோ ஓல்டு விக் என்னும் புகழ்பெற்ற நாடக சாலையாயிற்று. தமிழ்நாட்டிலே திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையடிக்கிறார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசாங்கம் 2025இல் பத்மஸ்ரீ விருது அளித்தது. எந்தக் கள்ளுக்குடம் இவர்களுக்குத் துணை நின்றது?

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்துக் கோயில் மண்டபங்களும் பள்ளி மண்டபங்களும் பெரும்பாலான மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றன. சனிக்கிழமை மாலை ஒன்றைத் திறந்து, தோசையும் கறியும் நியாய விலைக்கு விற்று, அதே உறுமிக்காரர்க்கும் அதே பாட்டுக்காரர்க்கும் கூலி கொடுத்து, குடும்பத்தோடு வந்து உட்காரச் செய்வதில் என்ன தடை? பிரசங்கம் வேண்டுமாயின் பத்து நிமிஷம் போதும். அதுவும் சாப்பாட்டிற்குப் பிறகு. அம்மண்டபத்தில் ஆட்டுக்கறி ஆகாது என்பார்கள். மாட்டோம், தோசை போதும் என்போம். பறை உள்ளே வரலாகாது என்பார்கள். அதற்கு மட்டும் இணங்க மாட்டோம். மண்டபத்துச் சாவியை வைத்திருக்கும் கனவான்கள் தங்கள் பதிலை எழுதியனுப்பட்டும். எவ்வளவு நீளமாயிருந்தாலும் இப்பகுதியில் இடம் தருவோம்.