சிறிய அருங்காட்சியகங்களுக்கு மானியம்: கட்டடம் எழுகிறது, பராமரிப்புக்கு வழி என்ன?

புது தில்லி: நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் இருப்பதாக மத்திய கலாசார அமைச்சகம் கூறிவருகிறது. தில்லியின் தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் போன்ற பெரிய நிறுவனங்கள் இவற்றில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை மாவட்டத் தலைநகரங்களிலும், பல்கலைக்கழக வளாகங்களிலும், அறக்கட்டளைகளுக்குச் சொந்தமான பழைய வீடுகளிலும் இயங்குகின்றன. இவற்றை மேம்படுத்த மத்திய அரசிடம் மானியத் திட்டம் உள்ளது. எனினும், அந்த நிதி எந்தச் செலவுக்குக் கிடைக்கிறது, எந்தச் செலவுக்குக் கிடைப்பதில்லை என்பதே ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

15ஆவது நிதிக் குழுவின் காலம் 2026 மார்ச் 31ஆம் தேதியுடன் நிறைவடைகிறது. 16ஆவது நிதிக் குழுவின் ஐந்தாண்டுக் காலம் ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குகிறது. மத்திய அரசின் திட்டங்கள் நிதிக் குழுக் காலத்தையொட்டி மறுமதிப்பீடு செய்யப்படுவது நடைமுறை என்பதால், இந்த மானியத்தின் வடிவமும் விவாதத்துக்கு உரியதாகிறது.

ஜோகாவில் நடந்தது

கொல்கத்தாவின் தென்புறத்தில் உள்ள ஜோகாவில் அமைந்திருக்கிறது குருசதய் அருங்காட்சியகம். ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றிய குருசதய் தத் (1882–1941), பிரிக்கப்படாத வங்காளத்தின் கிராமங்களில் பணிநிமித்தம் பயணம் செய்தபோது திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களே அதன் தொகுப்பு. காந்தா தையல் துணிகள், பட ஓவியச் சுருள்கள், சுடுமண் பலகைகள், மரச் சிற்பங்கள், பொம்மைகள், இனிப்புகள் செய்யப் பயன்பட்ட அச்சுகள் என மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கு உள்ளன. அவர் தொடங்கிய விரதசாரி இயக்கத்தைச் சார்ந்த சங்கத்தின் பொறுப்பில், 1963ஆம் ஆண்டு அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

1984ஆம் ஆண்டில் செய்துகொள்ளப்பட்ட ஏற்பாட்டின்படி, மத்திய ஜவுளி அமைச்சகம் இந்நிறுவனத்துக்கு நிதியுதவி அளித்துவந்தது. 2017ஆம் ஆண்டு அந்த ஏற்பாட்டை அமைச்சகம் முடித்துக்கொண்டது. அருங்காட்சியகம் தன் வருவாயில் தானே இயங்க வேண்டும் என்பதே முன்வைக்கப்பட்ட எதிர்பார்ப்பு. அதன் உடனடி விளைவாக ஊழியர்களின் ஊதியம் தடைபட்டது. பராமரிப்புப் பணிகள் நெருக்கடிக்கு உள்ளாயின.

இதன் பொருளை உணர, அங்குள்ள காந்தாக்களை எண்ணிப் பார்த்தாலே போதும். பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பெண்கள் தைத்த துணிகள் அவை. நூற்றாண்டு கடந்த பருத்தித் துணிக்கு ஒளி, ஈரம், பூச்சி ஆகிய மூன்றுமே பகை. துணிகளின் மேல் விழும் ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்டக் கூடாது என்பது காப்பாட்சியர்கள் பரவலாகப் பின்பற்றும் நெறி. மடித்து வைத்தால் மடிப்பிலேயே இழை அறுந்துவிடும் என்பதால் அவற்றைச் சுருட்டியோ விரித்தோ வைக்க வேண்டும். மழைக்காலம்தோறும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற ஒரு கைதான் முதன்மைத் தேவை. அந்தக் கைக்கு மாத ஊதியம் நின்றுபோன இடத்தில் பொருள் ஒரே நாளில் அழிவதில்லை. யாரும் கவனிக்காமல் சிறிது சிறிதாக அழிகிறது.

திட்டம் எதைத் தருகிறது?

கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டம், மாநில அரசுகள், தன்னாட்சி அமைப்புகள், உள்ளாட்சி அமைப்புகள், பதிவு பெற்ற சங்கங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றுக்குப் பொருந்தும். புதிய அருங்காட்சியகங்களை நிறுவுதல், இருப்பவற்றை நவீனப்படுத்துதல், கலைப்பொருள்களை எண்மமயமாக்குதல், பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியன அதன் கூறுகள். திட்டச் செலவின் பெரும்பங்கை மத்திய அரசு ஏற்க, எஞ்சியதை விண்ணப்பிக்கும் நிறுவனம் திரட்ட வேண்டும். நிதி தவணைகளாக விடுவிக்கப்படுகிறது. முந்தைய தொகைக்குரிய பயன்பாட்டுச் சான்றிதழ் வந்த பின்னரே அடுத்த தொகை என்பது, 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்கீழ் அரசு மானியங்கள் அனைத்துக்கும் பொதுவான நெறி.

இந்த அமைப்பு முறையானது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்கே எளிதானது. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு கணக்காளரும் தேவை. சொந்தப் பங்கு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், 1 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 20 லட்சம் ரூபாயை நிறுவனம் முதலில் காட்ட வேண்டும். ஒரு காப்பாட்சியர், ஒரு எழுத்தர், ஒரு காவலர் என மூன்று பேருடன் இயங்கும் அருங்காட்சியகத்துக்கு இது எட்டாத தொகை.

அதைவிட முக்கியமானது செலவின் தன்மை. காட்சிக்கூடம், ஒளியமைப்பு, காட்சிப் பேழை, சேமிப்பறை, எண்மப் பதிவு ஆகிய அனைத்தும் ஒருமுறைச் செலவுகள். அன்றாட ஊதியம், மின்கட்டணம், பூச்சித் தடுப்பு, தீயணைப்புக் கருவிகளின் ஆண்டுப் பராமரிப்பு ஆகியன நிறுவனத்தின் பொறுப்பாகவே எஞ்சுகின்றன. குளிரூட்டப்பட்ட புதிய கூடம் திறக்கப்பட்ட நாளிலிருந்து மின்கட்டணம் உயர்கிறது. அதைச் செலுத்த வருவாய் உயர்வதில்லை. மேம்பாட்டுக்காகப் பெற்ற மானியமே பின்னர் சுமையாக மாறும் முரண் இங்குதான் உருவாகிறது.

நுழைவுக் கட்டணத்தால் இந்த இடைவெளியை நிரப்ப இயலாது. சிறிய அருங்காட்சியகங்களுக்கு வருவோரில் பள்ளி மாணவர்கள் கணிசமானோர். அவர்களிடம் பெயரளவுக்கே கட்டணம் பெறப்படுகிறது. அருங்காட்சியக நுழைவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கின் மறுபுறமாக, தான் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியை அருங்காட்சியகம் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெற முடியாது.

அரசின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு

தனியார் அறக்கட்டளைகளின் ஊதியச் செலவைப் பொதுப் பணத்தில் எல்லையின்றி ஏற்க முடியாது என்ற வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013ஆம் ஆண்டின் 18ஆவது அறிக்கை, நினைவுச் சின்னங்களும் தொல்பொருள்களும் பேணப்படும் விதத்தை ஆராய்ந்தது. மத்திய அரசின் நேரடி நிதியில் இயங்கும் பெரிய அருங்காட்சியகங்களிலேயே பொருள்களை ஆவணப்படுத்துவதிலும், இருப்பை நேரில் சரிபார்ப்பதிலும் குறைபாடுகள் உள்ளதை அது சுட்டிக்காட்டியது. தொடர் நிதி கிடைப்பதாலேயே பராமரிப்பு மேம்பட்டுவிடாது என்பதற்கு அந்த அறிக்கை சான்று.

அரசமைப்புச் சட்டம் வகுத்துள்ள எல்லையும் கவனிக்கத்தக்கது. ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில், 62ஆவது இனம் இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகம் போன்ற குறிப்பிட்ட தேசிய நிறுவனங்களைச் சேர்க்கிறது. மாநில அரசுகளின் கட்டுப்பாட்டிலோ நிதியிலோ இயங்கும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் மாநிலப் பட்டியலின் 12ஆவது இனத்தில் வருகின்றன. ஆகவே மத்திய அரசின் மானியம் கடமையாக அன்றி உதவியாகவே கருதப்படுகிறது. மாநில அரசின் நேரடிப் பொறுப்பிலும் வராத, மத்தியப் பட்டியலிலும் இடம்பெறாத அறக்கட்டளை அருங்காட்சியகங்கள் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கின்றன.

நூலகங்களுக்குக் கிடைத்த வழி

அதே மாநிலப் பட்டியலில் உள்ள நூலகங்களின் நிலை ஓரளவு வேறானது. 1972ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, மாநிலங்களின் பங்களிப்புக்கு இணையான நிதியைப் பொது நூலகங்களுக்கு வழங்குகிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிவகுத்தது. அந்த ஏற்பாடு தமிழகத்தில் இன்றும் தொடர்கிறது. கிளை நூலகத்தின் நாளிதழ்ச் செலவுக்கும் நூலகரின் பணிக்கும் ஆண்டுதோறும் எதிர்பார்க்கத்தக்க ஒரு வருவாய்வழி இதனால் உருவானது. தொகை சிறிதாயினும் அது அடுத்த ஆண்டும் வரும் என்ற உறுதியே நூலகங்களைக் காத்த அம்சம். சிறிய அருங்காட்சியகங்களுக்கு இல்லாதிருப்பது இந்த உறுதிதான்.

பெருநிறுவன நன்கொடையும் தொடர் ஆதரவாக அமைவதில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தேசியப் பாரம்பரியம், கலை, கலாசாரம் ஆகியவற்றின் பாதுகாப்பும் அப்பணிகளில் அடங்கும். ஆனால் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை அளிக்குமாறு சட்டம் கூறுவதால், ஆலைகள் இல்லாத மாவட்டங்களின் அருங்காட்சியகங்களுக்கு வாய்ப்பு குறைகிறது. மேலும், 2021ஆம் ஆண்டின் விதித் திருத்தங்களுக்குப் பின்னர், ஓர் அமைப்பின் மூலநிதிக்கு அளிக்கும் தொகை சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கிடப்படுவதில்லை. வட்டியைக் கொண்டு ஊதியம் வழங்கத்தக்க நிலையான நிதியை இவ்வழியில் திரட்டும் வாய்ப்பு அத்துடன் அடைபட்டது.

மூன்று நகரங்கள், மூன்று அணுகுமுறைகள்

தன்னிலையில் நிற்பதற்கு ஒரே வழி இல்லை என்பதை உள்நாட்டு அனுபவங்களே காட்டுகின்றன.

மும்பையில், 1872ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நகர அருங்காட்சியகமான டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் நெடுங்காலம் நலிந்திருந்தது. 2003ஆம் ஆண்டு மாநகராட்சி, இன்டாக் அமைப்பு, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை ஆகிய மூன்றும் உடன்பாடு செய்துகொண்டு அதைச் சீரமைத்தன. 2008ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்தில், உள்ளாட்சி, நிபுணர் அமைப்பு, கொடையாளர் ஆகிய மூன்று தரப்பும் நிர்வாகப் பொறுப்பில் இணைந்திருந்தது மறுசீரமைப்புக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அடித்தளமானது. ஆயினும் செல்வம் குவிந்த பெருநகரின் வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் இல்லை.

அதே நகரின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயம், 2015ஆம் ஆண்டு முதல் பேருந்தில் அமைந்த நடமாடும் அருங்காட்சியகத்தைப் பள்ளிகளுக்கும் சிற்றூர்களுக்கும் அனுப்பிவருகிறது. பெரிய நிறுவனத்தின் ஆளும் அறிவும் வெளியே பயணிக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. காட்சிப் பொருள்களைப் போலவே பாதுகாப்பு நிபுணர்களும் சிறிய அருங்காட்சியகங்களுக்குச் சுற்றுமுறையில் செல்ல இயலும்.

போபாலின் அனுபவம் முற்றிலும் வேறு திசையில் செல்கிறது. 1984ஆம் ஆண்டு நச்சுவாயுக் கசிவில் உயிர்தப்பியவர்களின் முன்னெடுப்பில், 2014 டிசம்பரில் ‘ரிமெம்பர் போபால்’ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இறந்தவர்களின் உடைமைகளும், தொலைபேசிக் கருவியைக் காதில் வைத்துக் கேட்கத்தக்க வாக்குமூலங்களும் அங்கு உள்ளன. அரசிடமும் பெருநிறுவனங்களிடமும் நிதி பெறுவதில்லை என்பது அதன் கொள்கை. பொறுப்புக்கூறலைக் கோரும் நினைவகம், கேள்விக்குரிய தரப்புகளின் பணத்தில் நிற்கக் கூடாது என்பதே அதன் நிலைப்பாடு. நிதியை ஏற்பதும் மறுப்பதும் ஓர் அருங்காட்சியகம் எதைச் சொல்ல முடியும் என்பதோடு பிணைந்தவை என்பதைப் போபால் உணர்த்துகிறது.

மறுஆய்வில் கவனிக்க வேண்டியவை

திட்டத்தின் நோக்கத்தை மாற்றாமலேயே சில திருத்தங்கள் சாத்தியம். முதலாவது, கட்டட நிதிக்கு முன் பட்டியல். தன்னிடம் என்னென்ன பொருள்கள் உள்ளன, எந்த நிலையில் உள்ளன என்ற சரிபார்க்கப்பட்ட பதிவேட்டை உருவாக்கவே ஒரு சிறு தொடக்க மானியம் வழங்கலாம். அமைச்சகத்துக்குட்பட்ட அருங்காட்சியகங்களில் பயன்படுத்தப்படும், புணேயின் சி-டாக் மையம் உருவாக்கிய ‘ஜதன்’ மென்பொருளைச் சிறிய நிறுவனங்களுக்கும் பயிற்சியுடன் விரிவுபடுத்தலாம். தணிக்கை அறிக்கை எழுப்பிய குறைக்கும் இதுவே முதல் விடை.

இரண்டாவது, சேமிப்பறை. பார்வையாளர் காணாத இடம் என்பதால் இது விண்ணப்பங்களில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. குறைந்த செலவில் சேமிப்பறைகளை ஒழுங்குபடுத்த, ரோமைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ரோம் அமைப்பு சிறிய அருங்காட்சியகங்களுக்கென்றே ஒரு வழிமுறையை வகுத்துள்ளது. அலமாரிகளும் பெட்டிகளும் முறையான இட ஒதுக்கீடும் கோருகின்ற அப்பணிக்குப் பல கோடி ரூபாய் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, படிப்படியாகக் குறையும் தொடர் உதவி. காப்பாட்சியர் ஒருவரின் ஊதியத்தை முதலாண்டில் முழுமையாகவும், அடுத்த ஆண்டுகளில் குறைத்தும் ஐந்தாண்டுகளுக்கு ஏற்கலாம். நிறுவனம் திரட்டும் மூலநிதிக்கு இணையான தொகையை அரசு சேர்க்கலாம். அரசின் பொறுப்புக்கு முடிவு தேதி இருக்கும். நிறுவனத்துக்கும் அந்தத் தேதி முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். ஜோகாவுக்குக் கிடைக்காதது இத்தகைய கால அவகாசமே.

நான்காவது, பகிர்வு. லக்னோவில் உள்ள கலாசாரச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம் போன்ற நிறுவனங்களின் வழிகாட்டுதலில், பத்துப் பதினைந்து அருங்காட்சியகங்களுக்கு ஒரு பாதுகாப்பு நிபுணர் என்ற முறையைப் பரிசீலிக்கலாம். தனித்தனியே அமர்த்த இயலாத ஒருவரைச் சேர்ந்து அமர்த்த இயலும்.

இவற்றுக்கான தொகை, பெருநகர அருங்காட்சியகம் ஒன்றை நவீனப்படுத்த ஆகும் செலவோடு ஒப்பிடுகையில் சிறியது. சிறிய அருங்காட்சியகங்கள் தன்னிறைவு பெற வேண்டும் என்ற இலக்கில் அமைச்சகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த இலக்கை அடையும் வரை காந்தாத் துணியை ஆண்டுக்கொருமுறை விரித்துப் பார்ப்பவருக்கு ஊதியம் வழங்குவது யார் என்பதை, புதிய நிதிக் காலத்துக்கான வழிகாட்டுதல்கள் தெளிவுபடுத்த வேண்டியிருக்கும்.