கும்மி நிதியும் குளத் திருத்தமும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் வள்ளிக்கும்மி மீண்டும் தழைத்து வருவது யாவரும் அறிந்ததே. ஆசிரியர் ஒருவர் ஊருக்கு வந்து பல வாரம் பயிற்றுவிப்பதும், பின்னர் ஊரார் கூடி அரங்கேற்றம் காண்பதும் அநேக கிராமங்களில் வழக்கமாயிருக்கின்றன. மேட்டுப்பாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்கள் பெண்களையும் இக்கலையில் பழக்கியவர். 2024-ஆம் வருஷம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஓர் ஊர் முழுவதும் இவ்வாறு ஒரே களத்தில் கூடும் இரவில், அவ்வூர்க் குளத்தின் பொருட்டு ஓர் உண்டியலும் வைக்கப்படுவது தகும்.

கலையைக் கொண்டு பொதுக் காரியத்துக்குப் பொருள் திரட்டுவது புதிய வழக்கமன்று. ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி 1944-ஆம் வருஷத்தில் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்து பொருள் ஈட்டித் தந்தார். குளத்துக்கு உழைக்க ஜனங்கள் முன்வருவார்களா என்ற ஐயமும் வேண்டுவதில்லை. 2013-ஆம் வருஷம் கோவை உக்கடம் பெரியகுளத்தில் தூர் எடுத்தபோது, அக்குளத்து நீரால் ஒரு காணி நிலமும் பயிரிடாத நகரவாசிகள் பெருந்திரளாக வந்து மண் சுமந்தனர். நிலமும் கிணறும் உடைய குடியானவர்கள் அவர்களுக்குப் பின்தங்குதல் முறையாகாது.

சர்க்கார் கோடிக்கணக்கில் செலவிடுகையில் ஊரார் ஏன் பொருள் தரவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி. அளவைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்தினின்று ஏற்றி, 1,045 நீர்நிலைகளுக்குக் குழாய் வழியே அனுப்புவது அதன் நோக்கம். இவற்றுள் 32 பொதுப்பணித் துறை ஏரிகள். 42 ஊராட்சி ஒன்றியக் குளங்கள். எஞ்சிய 971-ம் சிறு குட்டைகளே. குழாய் நீரைக் குட்டையின் வாய் வரையில் கொணரும். ஆனால் உடைந்த கரையையும், சீமைக் கருவேலம் மண்டிய நீர்ப்பரப்பையும், பழுதுற்ற மதகையும் அக்குழாய் சீர் செய்யாது. இத்தனை குட்டைகளுக்கும் வருஷந்தோறும் மேலதிகாரிகள் வந்து மராமத்துச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம்.

இக்கடமை ஊராரைச் சேர்ந்தது என்பதே பழைய ஏற்பாடு. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமும் அவ்வழக்கத்தை ஒட்டியே எழுந்தது. 2017-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் குடிமராமத்து புத்துயிர் பெற்றபோது, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வீடுதோறும் வரி கேட்டால் முகம் சுளிப்பவரும், தம் மகளும் பேத்தியும் ஆடும் களத்தில் மனமுவந்து கொடுப்பர்.

ஆயினும் திரளும் பொருளை எதற்குச் செலவிடுவது என்பதே முக்கியமான விஷயம். ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் தூர் எடுக்க 43,560 கன அடி மண்ணை அகற்ற வேண்டும். அதாவது சுமார் 435 யூனிட். ஓர் இரவின் வசூல் இதற்கு எம்மூலைக்கும் போதாது. ஆகையால் இந்நிதியைத் தூர் எடுப்பதில் கரைத்தல் கூடாது. வண்டல் மண் வயலுக்கு நல்ல உரம்; அதை விலையின்றி எடுத்துச் செல்ல அனுமதி வழங்கும் அதிகாரம் 2024-ஆம் வருஷம் வட்டாட்சியர்க்கே அளிக்கப்பட்டது. மண்ணைக் குடியானவர்கள் தத்தம் நிலத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். கும்மி நிதியோ வரத்து வாய்க்காலைச் செப்பனிடவும், மதகின் பலகையை மாற்றவும், கலிங்கின் அடைப்பை நீக்கவும் பயன்படட்டும்.

கரையை அழகு செய்யும் ஆசையும் இங்கு குறுக்கிடும். 2016-ஆம் வருஷம் கோவை சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தேர்வானபின் நகரக் குளங்களின் கரைகளில் நடைபாதைகளும் விளக்குகளும் அமைந்தன. குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலான திருவள்ளுவர் சிலையும் நிற்கிறது. இவை கண்ணுக்கு இனியவையே. ஜனங்களைக் குளத்தருகே வரவழைப்பவையுமாம். எனினும் உள்ளே வரும் சாக்கடையைக் கரையிலுள்ள சித்திரம் தடுத்து நிறுத்தாது. வெள்ளலூர்க் குளம் வேறொரு பாடம் கற்பிக்கிறது. பல்லாண்டு வறண்டு கிடந்த அக்குளத்தில், கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் நொய்யலினின்று வரும் வாய்க்காலைச் சீராக்கிய பின்னரே நீர் நின்றது. வாய்க்கால் முந்தி, வர்ணம் பிந்தி என்பதை ஊரார் மறத்தலாகாது.

கணக்கில் சிறிது ஐயம் நேரினும் அடுத்த வருஷம் உண்டியல் நிறையாது. ஆசிரியருக்கும் தவில், பம்பை வாசிப்போருக்கும் உரிய சம்பளத்தை முதலில் தந்துவிடுதல் நலம். கலைஞரின் கூலியைக் குறைத்துச் சேர்த்த பணம் தர்மமாகாது. எஞ்சியதை இருவர் கையொப்பத்துடன் வங்கியில் வைத்தல் வேண்டும். மார்ச்சு 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் வரவையும் செலவுத் திட்டத்தையும் ஊராட்சித் தலைவர் உரக்கப் படித்தல் உத்தமம். நீர்நிலை எத்துறைக்கு உரியது, அதன் எல்லை யாது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைக் கொண்டு அறிவித்து, உரிய அனுமதி கிடைத்தபின் வேலை தொடங்குவதே முறை.

காலமும் இதற்கு இசைந்திருக்கிறது. மாசியிலும் பங்குனியிலும் கும்மி நடந்தால், சித்திரையிலும் வைகாசியிலும் வாய்க்கால் வேலையை முடிக்கலாம். தென்மேற்குப் பருவமழையில் நொய்யலிலும் பவானியிலும் நீர் பெருகும்போது வழி திறந்திருக்கும். களத்தில் ஆடிய பெண்டிர் அடுத்த தையில் அக்குளக்கரையில் நின்று நீரைக் காண்பாராயின், மறு வருஷத்து வசூலுக்கு வேறு விளம்பரம் வேண்டுவதில்லை.