மணமக்கள் பேசாத மேடை

புரோகிதரை நீக்கிய கல்யாணங்களுக்கு நான் பல வருஷங்களாகப் போய்வருகிறேன். ஓமகுண்டம் இல்லை, அம்மி மிதிப்பதில்லை, முகூர்த்த நேரம் பார்ப்பதில்லை. நல்லது. ஆனால் புரோகிதர் எழுந்துபோன மணையில் இப்போது ஒலிபெருக்கி உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பேர் பேசுகிறார்கள். தேர்தல் கணக்கு, எதிர்க்கட்சியின் துரோகம், மணமகனின் தகப்பனார் இயக்கத்துக்குச் செய்த தொண்டு எல்லாம் வருகின்றன. வாய் திறக்காதவர்கள் இருவர். கல்யாணம் அவர்களுக்கு.

1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வது வழக்கம். அன்றைய சொற்பொழிவுக்குக் காரணம் இருந்தது. பெண் தானமாகக் கொடுக்கப்படும் பொருளல்ல என்பதைக் கூட்டம் கூட்டிச் சொல்லவேண்டியிருந்தது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைக் கொண்டுவந்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது.

அந்தப் பிரிவை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவரும் தமக்குப் புரிந்த ஏதாவதொரு மொழியில், ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். தலைவரைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. இத்தனை வழிகளில், பேசாமலே காரியத்தை முடித்துக்கொள்ள உதவும் மாலையையும் தாலியையும் நாம் பிடித்துக்கொண்டோம். இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாக இருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்பது தனிக் கேலி. மதம் கடந்து மணப்போருக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் முன்னறிவிப்போடு. அங்கேயும் அலுவலரும் மூன்று சாட்சிகளும் பார்த்திருக்க, இருவரும் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் மணம் நிறைவேறாது.

புரியாத மந்திரத்துக்குப் பதில் புரிகிற தமிழ் என்று வாதிப்பார்கள். புரிந்தால் மட்டும் போதுமா? அச்சடித்த உறுதிமொழியை ஒருவர் வாசிக்க, மணமக்கள் வரிவரியாகத் திருப்பிச் சொல்வதும் மந்திரம்தான். குறளை ஓதினாலும் அப்படியே.

என் புகார் கட்சிக்காரர்கள் மீது இல்லை, நம் வட்டத்தார் மீது. ஒரு கவிதையில் இரவல் சொல் ஒன்று கண்டால் நாலு பக்கம் கண்டனம் எழுதுகிறவர், தன் கல்யாணத்தன்று ‘அம்மாவுக்காக’ என்று அக்னி முன் உட்காருகிறார். இல்லாவிட்டால் மேடையேறி மௌனமாகிறார். நண்பர்கள் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் நீட்டுகிறார்கள். அதில் மணமகள் மயில், மணமகன் வேங்கை. இந்தப் பக்கங்களிலிருந்து விரட்டப்பட்ட எதுகைகளுக்கெல்லாம் அங்கே பந்தி நடக்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. நாற்பது பேர் போதும், ஒலிபெருக்கி வேண்டாம். இருவரும் தனித்தனியே நாலைந்து வாக்கியங்கள் எழுதட்டும், வசனத்தில். எந்த ஊரில் குடியிருப்பது, யார் சமைப்பது, அவள் சம்பளம் யார் கையில், குழந்தை வேண்டுமா, பெற்றோரை யார் பார்ப்பது என்பதையெல்லாம் முன்பே பேசியிருந்தால் எழுத விஷயம் இருக்கும். ‘உயிருள்ளவரை’ என்று சொல்ல வாய் வரவில்லையென்றால் சொல்லவேண்டாம். தாலி வேண்டுமென்றால், ஏன் என்று கட்டுகிறவனும் கட்டிக்கொள்கிறவளும் சொல்லட்டும். முதலில் அவள் பேசட்டும்.

ஊர் கூடாதது கல்யாணமா என்று கேட்பார்கள். 7ஏ மணத்துக்கு ஊரறிந்த அறிவிப்பு அவசியமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. சாதி கடந்து மணப்பவர்களைத் தேடி ஊர் வந்தால் அரிவாளோடும் வரும். அவர்கள் நாலு நண்பர்கள் முன்னால், வாசலில் ஒரு கண் வைத்தபடி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார்கள். சொல்லுக்குப் பொறுப்பேற்பதே எழுத்து என்று ஓயாமல் சொல்லிவருகிற நாம், எந்த ஆபத்தும் இல்லாத நம் வீட்டுக் கூடத்தில் அதைச் சொல்ல ஏன் கூசுகிறோம்?