அடையும் கோழியும் அடைபட்ட அறிவும்

கோழிக்கூட்டைப் பற்றிப் பேசுவது கற்றவர்க்குத் தகாது என்னும் எண்ணம் தமிழரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. குயிலைப் பாடலாம், மயிலைப் பாடலாம், முருகன் கொடியில் ஏறிய சேவலையும் போற்றலாம். ஆனால், அந்தச் சேவல் இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறது, அதன் கூட்டுக்குள் காற்று எவ்வழி புகுகிறது என்று வினவினால் முகம் சுளிப்போர் பலர். இம்முகச்சுளிப்பால் விளையும் கேடு சிறிதன்று. அது பறவையையும் கொல்கிறது, மொழியையும் மெலிவிக்கிறது.

மலாயாத் தோட்டப்புறங்களில் லயத்து வீடுகளின் பின்புறம் கோழி வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. விருந்தினர் வந்தால் கறிக்கும், பேறுகாலத்துப் பெண்ணுக்குச் சாற்றுக்கும், பள்ளி திறக்கும் மாதத்தில் கைச்செலவுக்கும் அக்கோழிகளே உதவின. பஞ்சாரத்தை எங்கே கவிழ்ப்பது, அடைக்கு எத்தனை முட்டை வைப்பது, விடைக்கோழியை எப்போது தனியே பிரிப்பது என்னும் அறிவெல்லாம் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் நின்ற பெண்களின் பேச்சிலேயே வாழ்ந்தது. அதை எழுதி வைத்தார் அரியர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, எழுதப்படாத அந்த அறிவு பின்தங்கிப் போயிற்று.

2022 ஜூன் 1ஆம் நாள், மாதந்தோறும் வெளிநாடு சென்ற 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதியை மலேசியா நிறுத்தியது. உள்நாட்டில் தட்டுப்பாடு, சிங்கப்பூர்ச் சந்தைகளில் கவலை. கோழியைக் கடைப்பொருளாக மட்டுமே அறிந்திருந்த தலைமுறை, அது எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப்பார்க்கும் நிலை வந்தது. அத்தகைய காலத்தில் கொல்லையில் நாலு கோழி வளர்ப்போம் என்னும் ஆசை எழுவது இயல்பே. ஆசை எழுகிறது; கூடு கட்டும் அறிவு எங்கே? பலகையாலும் தகரத்தாலும் நாற்புறமும் மூடிய பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் கோழிகளைத் துரத்திப் பிடித்துத் திணித்துக் கதவைச் சாத்துவதே பலர் அறிந்த கூடு. காலையில் கண் வீங்கி, மூச்சிரைத்து, வாய் பிளந்து நிற்கும் கோழியைக் கண்டு, ‘நோய் வந்துவிட்டது’ என்று மருந்து தேடுகின்றனர். நோய் கூட்டில் இருக்கிறது என்பதை அவர்க்கு உரைப்பார் இல்லை.

தமிழின் இயல்பை அறிந்தவர்க்கு இங்கே ஒரு தெளிவு பிறக்கும். கோழி ‘அடைகிறது’ என்பது வழக்கு. பொழுது சாயும்போது தானாக வந்து ஓரிடத்தைச் சேர்வதே அடைதல். கோழியை ‘அடைக்கிறார்கள்’ என்பது வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தன்வினையைப் பிறவினையாக மாற்றியதே இன்றைய கூடுகளின் குற்றம்.

கோழி ஏன் அடைகிறது? வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் அதன் கிளையினத்திலிருந்தே வீட்டுக்கோழி முதன்மையாகத் தோன்றியது என்பதை 2020இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கலப்பும் அதில் உண்டு. கோழியின் மஞ்சள் தோல் அதனிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தனர். பகலெல்லாம் தரையைக் கிளறி உண்டாலும் இரவில் மரக்கொம்பேறி உறங்குவது காட்டுக்கோழியின் வழக்கம். மங்கிய ஒளியில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. தரையில் திரியும் பகைக்கு எட்டாத உயரமே அதற்குக் காவல். மலேசியக் காடுகளில் இன்றும் வாழும் அவ்வினத்தின் அச்சம், கொல்லைக் கோழியின் குருதியிலும் ஓடுகிறது. கொம்பில்லாத கூட்டில் அது உறங்குவதில்லை, ஒடுங்கிக் கிடக்கிறது.

எனவே கூட்டின் உயிர்நாடி சுவரன்று. உறங்கும் கொம்பே ஆகும். விரல்கள் பற்றிக்கொள்ளும் அளவில், விளிம்பு மழித்த நான்கைந்து சென்டிமீட்டர்க் கட்டை போதும். கோழி ஒன்றுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இடம் வேண்டும். முட்டையிடும் பெட்டியைவிடக் கொம்பு உயரமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கோழிகள் பெட்டியிலேயே அடைந்து முட்டையை எச்சத்தால் அழுக்காக்கும். கொம்புகளை ஒரே உயரத்தில் அமைத்தால் மேலிடத்துக்கான பூசல் குறையும். கோழிகளுக்குள் கொத்தும் வரிசை ஒன்று உண்டு என்பதை நார்வே நாட்டறிஞர் செல்டெருப்-எப்பெ 1921இல் எழுதினார். அவர் பெயரை அறியாத கிழவியும் எந்தக் கோழி எதைக் கொத்தும் என்பதை நன்கறிவாள்.

இனி, நூலறிவு மட்டும் போதும் என்பார்க்கும் ஒரு சொல். குளிர்நாட்டு நூல்கள், கோழி தன் நெஞ்சிறகால் விரல்களை மூடிப் பனியிலிருந்து காத்துக்கொள்ள அகன்ற பலகை வேண்டும் என்கின்றன. கூட்டைக் கதகதப்பாக வைக்கச் சொல்கின்றன. ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரமும் நிலவும் மண்ணில் அவ்வறிவுரையைப் பின்பற்றுவது, வெயிலில் கம்பளி போர்த்துவது போலாகும். கோழிக்கு வியர்வை இல்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் எழும் அம்மோனியா வளி அதன் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். ஆகவே, மழைச்சாரல் புகாத கூரையும், மேற்புறத்தில் காற்று தாராளமாக ஓடும் கம்பிவலையும், தரையினின்று உயர்த்திய அடித்தளமுமே இந்நாட்டுக்குரிய கூடு. அகன்ற கண்ணுடைய கோழிவலை கோழியைத் தடுக்குமேயன்றி, எலியையும் பாம்பையும் தடுக்காது. மலைப்பாம்பும் மரநாயும் வரும் இடத்தில் நெருக்கமான கம்பிவலையும் உறுதியான தாழ்ப்பாளும் வேண்டும்.

அப்படியாயின் பழையோர் சொன்னதெல்லாம் சரியா? அன்று. வெள்ளைக் கழிச்சல் கண்ட கோழிக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தனர், கோழிகள் மடிந்தன. அந்நோயைத் தடுக்கத் தடுப்பு மருந்தே வழி. 1980களில் செர்டாங்கிலிருந்த வேளாண் பல்கலைக்கழகம், ஆஸ்திரேலிய அறிஞரோடு இணைந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீனியோடு கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை ஆராய்ந்தது. கிராமத்தானின் கோழியைப் பல்கலைக்கழகம் இழிவென்று எண்ணவில்லை. தமிழ் கற்றவர் மட்டும் ஏன் எண்ண வேண்டும்?

அறியாமை கொல்லையோடு நிற்பதில்லை, அயலாரையும் தாக்குகிறது. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் கம்பத்துக் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டது. 2017 ஜனவரியில் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில், இரைச்சல் பற்றிய புகார்கள் எழுந்தபின், உரிமையாளரின்றித் திரிந்த 24 கோழிகள் கொல்லப்பட்டன. கூட்டைத் தூய்மையாக வைத்தல், நோயுற்றதைப் பிரித்தல், நகராட்சி விதிகளை அறிந்து அதற்குட்பட்டு வளர்த்தல் ஆகியவை வளர்ப்போர் கடமை. கடமையை உணர்த்தாத ஆசை, கோழிக்கும் அயலார்க்கும் பகையாகவே முடியும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கது யாது? ‘என் செல்லப் பிராணி’ என்று ஆண்டுதோறும் ஒரே கட்டுரையை எழுதச் சொல்வதை விடுக. பாட்டியிடம் சென்று கோழி அடையும் முறையைக் கேட்டு வருமாறு மாணவரை ஏவுக. கேட்டதை நூலோடும், கண்ணால் கண்டதோடும் ஒப்பிட்டு, எது மெய், எது பொய் என்று தமிழிலேயே எழுதச் செய்க. பஞ்சாரம், குடாப்பு, அடை, விடை என்னும் சொற்கள் அகராதியில் மட்டும் உறங்கத் தகுந்தவை அல்ல. பொருளை இழந்த சொல் நெடுநாள் வாழாது. சொல்லை இழந்த தொழிலும் பிறர் மொழியிலேயே பேசப்படும்.

உயிருள்ள அறிவை இழிவென்று வெளியே தள்ளிவிட்டு, மொழியைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் பூட்டிவைத்து, அது ஏன் மூச்சிரைக்கிறது என்று வியப்பதில் பயனில்லை. கோழிக்குக் கொம்பும் காற்றும் வேண்டும். தமிழுக்கும் அவையே வேண்டும்.