பொடியில் எதைத் திருப்பிப் பார்ப்பது?

எங்கள் பூலாம்பாடிப் பக்கம் மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லிதான். சிறு வயதில் என் தம்பிக்குக் கண் மஞ்சளித்தபோது, அம்மா வயல் வரப்பில் செடியைப் பிடுங்கி, இலைக்கு அடியில் வரிசையாகக் காய் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகுதான் அம்மியில் வைத்தார். மேலாநெல்லி கலந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

இன்று நாம் வாங்குவது பொடி. அதில் எதைத் திருப்பிப் பார்ப்பது?

படித்தவர்களே குழம்பிய செடி இது. நம் நாட்டுத் தாவர நூல்கள் நெடுங்காலம் இதை 'பில்லாந்தஸ் நிரூரி' என்றே எழுதின. அதுவோ அமெரிக்கச் செடி. இங்கே அந்தப் பெயரில் வழங்கியவை அமாரஸ், பிராட்டெர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று தனி இனங்கள் என 1985-இல் மித்ராவும் ஜெயினும் எடுத்துக் காட்டினார்கள். அமாரஸ் பூவில் புல்லி இதழ் 5, பிராட்டெர்னஸில் 6.

பொடியில் பூவைத் தேட முடியாது. ஆனால் இலைத்தோல் துணுக்காவது மிஞ்சும். இலைத்துளையைச் சுற்றிய துணைச் செல்களின் அமைப்பு, தோல் செல்லின் சுவர் நேரா நெளிவா, உள்ளே படிகம் உண்டா என்பதெல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். துளைகளை எண்ணுவது மட்டும் போதாது. வெயிலில் வளர்ந்த இலைக்கும் நிழலில் வளர்ந்த இலைக்கும் எண்ணிக்கை மாறும். அதனால்தான் 1927-இல் சாலிஸ்பரி, மொத்தத் தோல் செல்களில் துளைகள் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடச் சொன்னார்.

நான் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். போன ஆண்டு ஒரு கடையில் வாங்கிய கீழாநெல்லிப் பொடியைச் சுடுநீரில் ஊறவைத்துப் பார்த்தேன். இரண்டு விதமான இலைத்தோல் தெரிந்தது. இரண்டாவது என்ன செடி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒப்பிட என்னிடம் கண்ணாடித் தகடுகள் இல்லை.

என் கருத்து இதுதான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967 முதல் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. அதுபோல நம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள், பச்சைமலை அடிவாரத்து மருந்துச் செடிகளுக்கு இலைத்தோல் தகடுகள் செய்து வைக்கட்டும். பிளேடும் நெட்டியும் சாயமும் போதும், பெரிய செலவில்லை. செடியின் பெயரை மட்டும் பூ உள்ள மாதிரியை வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காமாலைக்கு முதலில் மருத்துவரிடம் போங்கள். பிறகு பொடி வாங்குவதானால், இது என்ன இலை என்று கடைக்காரரைக் கேளுங்கள். அம்மா கேட்காமல் அரைத்ததில்லை.