மயக்க மருந்துக்கு முன் ஒரு கேள்வி

ஆபரேஷன் மேஜையில் கிடந்தவருக்கு மூச்சு திரும்பவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "ஆயுசு அவ்வளவுதான்" என்கிறோம். ஆயுசு அல்ல தோழர்களே! சில சமயம் அதற்குக் காரணம் ரத்தத்தில் உள்ள ஒரு பிறவிக் குறை.

அவசர ஆபரேஷன்களில் மூச்சுக்குழாய்க்குள் குழல் இறக்க சக்சினைல்கோலின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவதுண்டு. நரம்பு இடும் கட்டளை தசைக்கு எட்டாமல் அது தடுக்கிறது. மூச்சு விடும் தசையும் சேர்ந்தே ஓய்ந்துவிடும். எல்லாம் ஐந்து, பத்து நிமிஷம்தான். ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதி மருந்தை அழித்துவிடும். தாய், தகப்பன் இருவர் வழியிலும் இந்த நொதியில் குறையோடு பிறந்தவருக்கோ மருந்து அழிவதில்லை; ஓய்வு மணிக்கணக்கில் நீள்கிறது. இந்தக் குறையை ரத்தத்தில் சோதித்தறியும் வழியை டொராண்டோவில் வெர்னர் கலோ என்ற விஞ்ஞானி 1957-லேயே சொல்லிவிட்டார்.

எங்கோ கனடா சங்கதி என்று தள்ளவேண்டாம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பங்குகொண்டு 2006-ல் வெளியான ஆய்வு, வைசிய சமூகத்தார் சிலரிடம் இக்குறையை உண்டாக்கும் மரபணு மாற்றத்தைக் காட்டியது. அதற்காக ஒரு சாதியைப் பழிப்பது மடத்தனம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் எவருடைய பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல்.

வயலில் மருந்தடிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மானோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் இதே நொதியைத்தான் முடக்குகின்றன. பிறவிக்குறை இல்லாதவருக்கும் அபாயம் உண்டு. மருந்தடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கொதிப்பு வருவது எங்கே தெரியுமா? இந்தக் குறையால் ஒருவர் சாகவேண்டிய அவசியமே இல்லை! மூச்சை இயந்திரத்தால் செலுத்திக்கொண்டு, நோயாளி நினைவோடு தவிக்காதபடி மயக்கத்தையும் தொடர்ந்தால், தசை தானே உயிர்பெறும். வேண்டியது ஒரு கருவி, பக்கத்தைவிட்டு அகலாத ஒரு மயக்க மருந்து டாக்டர். அவரையே இரண்டு அறைக்கு ஓடவைத்தால்?

கேள்விக்கோ காசு செலவில்லை: "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பின் மூச்சு வரத் தாமதமானதா? தசை தேயும் நோய் உண்டா?" (அந்நோயுள்ள பிள்ளைக்கு இதே மருந்து இதயத்தையே நிறுத்திவிடலாம்.) கைநாட்டு வாங்க நேரம் இருக்கிறது, இதைக் கேட்க நேரமில்லையா? பாதிக்கப்பட்டவருக்கு மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிச் சீட்டுத் தரவேண்டும். கூடப்பிறந்தவர்களின் ரத்தத்தைச் சர்க்கார் செலவில் சோதிக்கவேண்டும். சீட்டு வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டு நகராதீர்கள்.