நூலக வரி கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகிறோமா?



வீட்டு வரி ரசீதை நம்மில் எத்தனை பேர் முழுசாகப் படித்திருப்போம்? கட்டியாச்சு என்று பீரோவில் வைத்துப் பூட்டுவதோடு சரி. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் வாங்குகிறார்கள். வரி ஆயிரம் ரூபாய் என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீட்டு சகோதரிகள் 'நமக்கென்ன' என்று இருந்துவிட வேண்டாம். வீட்டுக்காரர் அதையும் வாடகையில் போட்டுத்தானே வாங்குகிறார்! இந்தப் பணம் நகராட்சிக்குச் சொந்தமில்லை. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். நம்ம ஊர் கிளை நூலகம் வரைக்கும் புத்தகமும் பத்திரிகையும் வருவது இந்தக் காசை நம்பித்தான்.

இதற்கு வழி செய்தவர் நம்ம பக்கத்து மனிதர் என்பது பலருக்குத் தெரியாது. திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தபோதுதான் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருஷம் விடாமல் வற்புறுத்தியதன் பலன் அது. சுதந்திர இந்தியாவில் இப்படிச் சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். பிறகு 1957-ல் கோவையில் பெண்களுக்கென்றே மனையியல் கல்லூரி ஆரம்பித்தவரும் அதே அவினாசிலிங்கம். நூலகம் என்றால் ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் புரட்டும் இடம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஆனால் நடப்பது என்னவோ அதுதான். ரிடையரான பெரியவர்கள் ஒரு பக்கம், பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள் ஒரு பக்கம். பொம்பளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு மாத நாவல் ஒரே தெருவில் ஏழு வீடு சுற்றி, அட்டை கிழிந்து திரும்பி வருவதை நான் பார்க்கிறேன். நேரம்தான் ஒத்து வருவதில்லை. கிளை நூலகங்கள் காலையில் சில மணி, சாயங்காலம் சில மணி என்று திறக்கின்றன. காலையில் நமக்கு அடுப்பும் டிபன் பாக்ஸும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். தறிக்கும் மில்லுக்கும் முருங்கைக் காட்டுக்கும் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். வீட்டில் இருப்பவர்களுக்குக் கை ஒழிவது மத்தியானம். அப்போது பார்த்துக் கதவு சாத்தியிருக்கும். பல கிளை நூலகங்களில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது. இதையெல்லாம் யாரும் எழுதுவதே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பொழுதுபோக்குக்காக மட்டும் கேட்கவில்லைங்க. அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் என்று 1989-ல் கொண்டு வந்தார்கள். அதை 40 ஆக்கப் போவதாக 2021-ல் அறிவித்தார்கள். டிகிரி முடித்துவிட்டு, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் மருமகள்கள் நம் தெருவில் எத்தனை பேர்? அவர்கள் குரூப் 4 எழுத வேண்டுமானால் ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ கோச்சிங் போக முடியுமா? மாமியார் சம்மதித்தாலும் பஸ் செலவு, பீஸ் என்று கட்டுப்படியாகாது. அவர்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது இந்தக் கிளை நூலகம் ஒன்றுதான்.

சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் கலைஞர் நூலகம் திறந்தார்கள். கோவையில் பெரியார் பெயரில் ஒன்று கட்ட 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் வெள்ளகோவிலில் இருந்து கோவைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய கோவில் கட்டிவிட்டோம் என்று தெருப் பிள்ளையாரைப் பட்டினி போடலாமா?

நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் மூலம் வீட்டுக்கே புத்தகம் கொடுக்க 2022-ல் 'நூலக நண்பர்கள்' என்று ஒரு திட்டம் வந்தது. கேட்டுப் பாருங்கள், நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாலக்காடு தாண்டினால் கேரளத்தில் பெண்களுக்கும் முதியோருக்கும் வீடு தேடிப் புத்தகம் கொடுக்கவே தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு ஏன், 1931-லேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். காளைக்குப் பேர் போன காங்கேயம் தாலுகாக்காரர்களுக்கு வண்டி கட்டச் சொல்லியா தர வேண்டும்!

வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணி நேரம் பெண்களுக்காகத் திறந்தால் போதும். தனிக் கட்டடமோ தனி அலமாரியோ கேட்கவில்லை. இன்னொன்று, வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு என்பதை ஒவ்வொரு நகராட்சியும் போர்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய்தான் செலவு. மனுவை நான் எழுதிவிடுகிறேன். கூட வந்து கொடுக்க வெள்ளகோவில், முத்தூர் பக்கத்து வாசகிகள் யாராவது இருக்கீங்களா?

- ஒரு வாசகி, வெள்ளகோவில்.